கொசுவின் ஆள்காட்டி விரல்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். ஊசி இறங்கியது தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள் என்பதற்காக வைத்த பெயர். வைத்தவர் உள்ளறையில் இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தும் மூத்த டெக்னீஷியன். அவருக்கு மைக்ராஸ்கோப் என்று பெயர் வைத்தவள் இவள். ஆக இருவருக்கும் சரிக்குச் சரி.

காலை ஆறரைக்குக் கதவு திறக்கும். வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்குப் பொறுமையும் காலியாகத்தான் இருக்கும். கொசு ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவாள். பிறகு இடது ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்து மெல்ல அழுத்துவாள். கண்ணால் தேடும் வழக்கம் அவளிடம் கிடையாது. நீலமாகப் பளிச்சென்று தெரியும் ரத்தக்குழாய் ஊசியைக் கண்டதும் நழுவும் என்பது அவள் கட்சி. அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெத்தென்று எழும்பி விரலை முட்டுகிறதே, அதுதான் நம்பத் தகுந்தது. வருகிறவர்கள் அதை நரம்பு என்பார்கள். "என் நரம்பு யாருக்கும் கிடைக்காதும்மா" என்று பெருமை வேறு. நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு என்று எட்டு வருஷம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். யாருக்கும் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்தது. குண்டுக் கை, குழந்தைக் கை, மருந்தேறி மருந்தேறிக் கெட்டிப்பட்ட கை என்று எங்கும் வேலைக்காகாத கைகளெல்லாம் அவளிடம்தான் வந்து சேர்ந்தன.

விரல் அப்படி. முகம் வேறு மாதிரி. பதினாறு வயதில் விருந்தாளியாக வந்த பரு, முப்பதை நெருங்கும்போது வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டது. கன்னத்தில் சிவப்பாக, தாடையில் கட்டியாக, ஒன்று அமுங்கினால் இரண்டு கிளம்பும். ரத்தம் எடுக்கும் வேலையில் முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. ஊசியைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் அவள் கன்னத்தைப் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் சும்மா போவார்களா? மலப் பரிசோதனைக்கு டப்பா வாங்க வந்த ஒரு பெரியவர், அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே, வயிறு சுத்தமாக இருந்தால் முகமும் சுத்தமாக இருக்கும் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். கொசு சிரித்துக்கொண்டே கேட்டாள். அன்று மதியம் கழிப்பறையில் போய் அழுதாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு மட்டும் சொல்லாமலே தெரியும். அம்மா வீட்டிலேயே ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவளுக்கும் இளவயதில் இதே பரு இருந்தது. கொடுத்தது நான்தானே என்ற குற்ற உணர்ச்சி அவளைப் பிடுங்கித் தின்றது. ஊரில் உள்ள களிம்பையெல்லாம் வாங்கி வந்து பூசிவிட்டு, கடைசியில் ஒரு தோல் டாக்டரைப் பற்றித் திரைச்சீலை வாங்க வந்தவளிடம் கேள்விப்பட்டு, மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

தோல் டாக்டர் மோசமானவர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். வைட்டமின் ஏ-க்கு உறவுக்கார மருந்து இது, ஐந்து மாதம் சாப்பிட வேண்டும், உதடு வெடிக்கும், மாதம் ஒரு முறை ரத்தத்தில் கல்லீரலையும் கொழுப்பையும் பார்க்க வேண்டும், சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் கூடவே கூடாது என்று விளக்கிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கொசு அவர் சொன்னதில் ஒரு புள்ளி தவறாமல் நடந்தாள். மாதா மாதம் தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டாள், பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு. இதென்ன சர்க்கஸ் என்று மைக்ராஸ்கோப் திட்டினார்.

மூன்றாவது மாதம் அந்த அதிசயம் நடந்தது. முதலில் தாடை அடங்கியது, பிறகு கன்னம். உதடு மட்டும் தோல் உரிந்து கிடந்தது, அது போனால் போகிறது. அம்மா அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்பிப் போனாள். அன்று தைத்த இரண்டு திரைச்சீலையும் கோணல்.

அந்த மாதம் டாக்டரிடம் போனபோது, விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று கொசு சொன்னாள். நாளெல்லாம் கையால் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், ஃபோனைக் குறைத்துக்கொள் என்றார் அவர். அவருடைய கண் முழுக்க அவள் கன்னத்தின் மேல் இருந்தது. கன்னத்தைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதே சமயத்தில் நிலையத்துக்குப் புதுக் கையுறை வந்தது. வேறு கம்பெனி. கொசுவுக்கு அதைப் போட்டதிலிருந்து ஒன்றும் சரிப்படவில்லை. மெத்தென்று முட்ட வேண்டியது மொத்தையாக முட்டியது. சில கைகளில் முட்டவே இல்லை. கையுறையா இது, கோணிப்பை என்று சொன்னாள். யார் எதைக் குறை சொன்னாலும் ஒத்துக்கொள்வது மைக்ராஸ்கோப்பின் சுபாவம். அவரும் தலையாட்டினார். கொசு சும்மா விடுகிற ரகம் இல்லை. மனு ஒன்று எழுதி, ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கி, நிலையத்தின் சொந்தக்காரியான டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டாள். டாக்டரம்மா கடுகடுவென்று இருப்பார், ஆனால் நியாயம் தெரிந்தவர். ஒரு வாரத்தில் பழைய கையுறையே திரும்பி வந்தது. எல்லோரும் கொசுவை மெச்சினார்கள்.

பழைய கையுறையைப் போட்டாள். அதுவும் கோணிப்பையாகத்தான் இருந்தது. ஏழு பேரைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டு இதை வெளியில் எப்படிச் சொல்வது? இந்தப் பெட்டி பழைய சரக்காக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குழாய் பிடிபடவில்லை என்றால் கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் பிய்த்து எறிந்துவிட்டு வெறும் விரலால் தடவிப் பார்ப்பது. பாதிப்பேர் இதைத் திருட்டுத்தனமாகச் செய்வார்கள். கொசு இதற்கு ஜென்மப் பகை. ரத்தம் படப்போகிற இடமே விரல் நுனிதான், அதை மட்டும் திறந்து போட்டுவிட்டு மீதிக் கைக்கு எதற்கு உறை என்று புதிதாக வருகிறவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு பெண்மணி வருவார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர், எப்போதும் ஒரு ஊதா சால்வை. மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தம் பார்க்க வேண்டும். கொசுவைத் தவிர யாரிடமும் கை நீட்டமாட்டார். அன்று கொசு குத்தினாள், ரத்தம் வரவில்லை. இத்தனை மாதத்தில் அவர் கையில் அவள் தவறவிட்டது அதுதான் முதல் தடவை.  பிறகு, ஊரையெல்லாம் திட்டின வாயை மூடிக்கொண்டு, கையுறையின் விரல் நுனியைப் பிய்த்தாள்.

வெறும் விரலை அந்தக் கையில் வைத்தாள். கை சூடாக இருந்தது, அது தெரிந்தது. தோல் வறண்டிருந்தது, அது அரைகுறையாகத் தெரிந்தது. உள்ளே இருக்க வேண்டியது தெரியவில்லை. அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். சுவரைத் தடவுகிற மாதிரி இருந்தது. இப்போது விரலுக்கும் கைக்கும் நடுவே பழி போட ஒரு கையுறைகூட இல்லை. பழக்கத்தை நம்பி, இங்கேதான் இருக்கும் என்று இரண்டாவது தடவை குத்தினாள். தோலுக்கடியில் ரத்தம் கசிந்து நீலமாகப் பரவியது.

மூன்றாவது தடவை அவள் குத்தவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவளைக் கூப்பிட்டு ஒப்படைத்தாள். சால்வைக்காரப் பெண்மணி அவளைத் தேற்றினார். "பரவாயில்லம்மா. என் கை அப்படி, நீ என்ன பண்ணுவ?"

"உங்க கை நல்லாதாங்க்கா இருக்கு," என்றாள் கொசு. "எனக்குத்தான் என்னமோ ஆகியிருக்கு. என்னன்னு பார்த்துடறேன்."

சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். விரல் நுனியில் சொட்டு ரத்தம் எடுக்கும் சின்ன ஊசிகள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கும். ஒன்றைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். கட்டை விரல் சுருக்கென்றது. ஆள்காட்டி விரலில் யாரோ பேனா மூடியால் தொட்ட மாதிரி இருந்தது. நடுவிரலும் சுண்டு விரலும் அதே கதை. வலது கையும் அதையேதான் சொன்னது, கொஞ்சம் குறைவாக. செருப்பைக் கழற்றிக் கால் விரல்களையும் பார்த்தாள். போன வாரம் ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் பஸ்ஸில் ஏறி, ஊரே சிரித்தது நினைவுக்கு வந்தது. அன்று அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள். இப்போது பயமாக இருந்தது. 

ஆனால் பயந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை. நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், என்னை நாற்காலியிலேர்ந்து எடுத்துடுங்க. விரல்ல உணர்ச்சி இல்ல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாளா?"

"மரத்துப்போனது எப்பன்னு தெரியல மேடம். ஒரு மாசமா நான் கையுறையைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

வேறு யாராக இருந்தாலும் மறைத்துச் சமாளித்திருப்பார்கள் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். அதற்காக அவர் இனிப்பாகப் பேசிவிடவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். முன்பக்க மேஜையில் உட்கார்ந்து, ரத்தம் பிடித்த சின்னக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை இருக்கிறது, அதைப் பார்க்கலாம். நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடியாது, ஓர் ஆளைத் தற்காலிகமாகப் போடப்போகிறார். வருஷ முடிவுக்குள் விரல் திரும்பினால் நாற்காலி கொசுவுக்கு. திரும்பாவிட்டால் அந்த ஆளுக்கே நிரந்தரம், கொசுவுக்கு லேபிள்தான். கொசு சரி என்றாள். வருஷம் முடிய ஆறு மாதம் இருந்தது.

முன்பக்க மேஜை என்றால் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். முகமோ துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. என்னம்மா போடுற என்று கேட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பதினான்கு வருஷம் ஏங்கிய பாராட்டு அது. வந்த நேரத்தைப் பாருங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னபடி, லேபிள் கோணாமல் இருக்கிறதா என்று விரலால் தடவினாள். லேபிளின் விளிம்புகூட விரலுக்குத் தெரியவில்லை.

அவள் ஆய்வகத்துக்காரி. காரணம் தெரியாமல் விடமாட்டாள். முதலில் மைக்ராஸ்கோப்பிடம் போனாள். சர்க்கரை, தைராய்டு, பி பன்னிரண்டு என்று விரல் மரத்துப்போக என்னென்ன காரணம் உண்டோ அத்தனையையும் அவர் பார்த்தார். தாளை நீட்டும்போது அவர் முகம் தொங்கியிருந்தது. எல்லாம் நார்மல், ஒரு நார்மலைப் பார்த்து நான் இப்படி வருத்தப்பட்டதே இல்லை என்றார்.

வாழ்க்கையில் புதிதாக என்ன நுழைந்தது என்று யோசித்தாள். கையுறை நுழைந்தது, வெளியே போயும் ஆயிற்று. மிச்சம் அந்த மாத்திரை. மருந்துக்கடையில் எப்போதும் அட்டையை மட்டும்தான் கொடுப்பார்கள், பெட்டிக்குள் இருக்கும் விவரத்தாள் குப்பைக்கூடைக்குப் போகும். அந்தத் தாள் வேண்டும் என்று கேட்டபோது, இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை என்றார் கடைக்காரர். ஆனாலும் கூடையைக் கிளறி எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் படுக்கை விரிப்பு அளவுக்கு விரிந்தது, எழுத்தோ எறும்பு வரிசை. மைக்ராஸ்கோப்பின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மதிய இடைவேளையில் முழுவதையும் படித்தாள். மூன்றாம் நாள், நரம்பு மண்டலம் என்ற தலைப்புக்குக் கீழே, கை கால் கூச்சம், உணர்வு மாற்றம் என்று ஒரே ஒரு வரி இருந்தது.

மைக்ராஸ்கோப் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்தத் தாள்ல தலைவலி, தும்மல், தூக்கம்னு எல்லாமே இருக்கும் கொசு. இருக்குங்கறதால அதுதான்னு ஆகாது."

"ஆகாதுண்ணா. ஆனா அதுதானான்னு கேக்கலாம்ல?"

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒரு நரம்பு டாக்டரிடம் போனாள். இளவயதுப் பெண், அதிகம் பேசாதவர். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பல் உள்ள இசைக்கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு விரல் மூட்டுகளில் வைத்து, அதிர்வது தெரிகிறதா, எப்போது நின்றது என்று கேட்டார். பஞ்சால் தொட்டார், குண்டூசியால் தொட்டார். பிறகு கையில் ஒயர்களை ஒட்டி, மின்சாரத்தைச் சுருக் சுருக்கென்று விட்டு, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று இயந்திரத்தில் பார்த்தார். உணர்ச்சி நரம்பு கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது.

"மாத்திரைதான் காரணம்னு சத்தியம் பண்ண முடியாது," என்றார். "ஆனா காரணமா இருக்கலாம். ரொம்பப் பேருக்கு இப்படி வர்றதில்ல, அங்கொண்ணு இங்கொண்ணுன்னு எழுதி வச்சிருக்காங்க. மத்த காரணம் எதுவும் நமக்குக் கிடைக்கல. நிறுத்திட்டுப் பார்க்கறதுதான் வழி."

"நிறுத்தினா திரும்புமா டாக்டர்?"

"சில பேருக்கு முழுசாத் திரும்பும். சில பேருக்குக் கொஞ்சம் மிச்சம் நிக்கும். மாசக்கணக்கா ஆகும். நீங்க எந்தப் பக்கம்னு இப்ப எனக்குத் தெரியாது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த டாக்டரைக் கொசுவுக்கு அன்றே பிடித்துப்போயிற்று. தோல் டாக்டருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில்தான் யுத்தம். இன்னும் ஆறே வாரம்தானே பாக்கி, அதை முடித்துவிட்டு விரலைப் பார்க்கக் கூடாதா என்றாள் அம்மா. பாதியில் விட்டால் பரு முழு மூச்சாகத் திரும்பி வரும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே என்றாள். லேபிள் ஒட்டுகிற வேலை என்ன கேவலமா, உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலைதானே என்று அவள் சொன்னதும் கொசுவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் பெட்டியிலிருந்து ஒரு தையல் ஊசியை எடுத்துக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"குத்தும்மா. எந்த விரல்ல குத்தறேன்னு நான் சொல்றேன்."

அம்மா பயந்து பயந்து தொட்டாள். மகள் பேசாமல் இருந்தாள். அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "குத்தும்மா," என்றாள் மகள் மறுபடி, அம்மா ஏற்கெனவே குத்திக்கொண்டிருப்பது தெரியாமல். அம்மா ஊசியைக் கீழே போட்டாள். மீதி இருந்த மாத்திரை அட்டைகளை அவளே பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தாள்.

அந்தப் பொட்டலத்தோடு கொசு தோல் டாக்டரிடம் போனாள். நரம்பு டாக்டரின் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். சரி, நிறுத்திவிடலாம் என்றார். அதில் தகராறு இல்லை. ஆனால் மாத்திரையால்தான் என்று அவர் நினைக்கவில்லை. இருபது வருஷமாக இதை எழுதிக் கொடுக்கிறார், விரல் மரத்துப்போயிற்று என்று ஒருவர்கூட அவரிடம் வந்து சொன்னதில்லை.

"நான் சொன்னேன் சார்," என்றாள் கொசு. "மூணாவது மாசம். எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு சொன்னேன். என் ஃபைலை எடுத்துப் பாருங்க, அதுல இருக்கான்னு."

அவர் ஃபைலைப் புரட்டினார். மூன்றாவது மாதத்துப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது. நல்ல முன்னேற்றம். உதடு வறட்சி. வேறு புகார் இல்லை.

"எனக்கு முன்னாடி எத்தனை பேர் சொன்னாங்களோ சார்," என்றாள். "அவங்க ஃபைல்லயும் இப்படித்தான் இருக்கும்."

குரலை உயர்த்தவில்லை.   மனிதர் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன். பேனாவை எடுத்து அன்றைய தேதி போட்டு எழுதினார். விரல் நுனிகளில் கூச்சம், உணர்விழப்பு. மூன்றாம் மாதமே நோயாளி தெரிவித்தார், நான் பதிவு செய்யவில்லை. மருந்து காரணமாக இருக்கலாம். பிறகு, மருந்தின் பக்க விளைவுகளைத் தெரிவிக்கும் படிவம் ஒன்று இருக்கிறது, அதை நிரப்பி அனுப்புகிறேன் என்றார். இப்போதே நிரப்புங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று கொசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று இருந்தாள்.

பிறகு தொடங்கியது நிஜமான பாடு. காத்திருப்பது அவளுக்கு ஆகாத காரியம். அதனால் அதையும் ஒரு வேலையாக்கிக்கொண்டாள். குளுகோஸ் ஏற்றும் மெல்லிய குழாயில் ஒரு முழம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் கட்டினாள். அம்மா அதை மேஜை மேல் இஷ்டத்துக்கு வளைத்துப் போட்டுத் திரைச்சீலைத் துணியால் மூடுவாள். மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் தேட வேண்டும். முதல் வாரம் மெல்லிய வலைத்துணி போட்டே ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. ஒரு மாதம் ஆயிற்று. தினமும் நோட்டில் தேதி போட்டு இல்லை, இல்லை என்று எழுதினாள். எதற்கு இதை எழுதிக்கொண்டு என்று அம்மா மனசு பொறுக்காமல் கேட்டாள். எழுதாவிட்டால் இல்லாததும் கணக்கில் வராது என்றாள் மகள்.

ஏழாவது வாரம் எறும்புகள் திரும்பி வந்தன. முன்பைவிட மோசமாக, விரலெல்லாம் கடித்தன. அவள் துவண்டு போனாள். நரம்பு டாக்டரோ, தூங்கினது முழிக்கும்போதும் இப்படிக் கூசும், இன்னும் பொறுங்கள் என்றார். ஒன்பதாவது வாரம் வலைத்துணிக்குக் கீழே ஏதோ தட்டுப்பட்டது. நிஜமா, ஆசையா என்று அவளுக்கே சந்தேகம். நோட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வாரம் வரைக்கும் கேள்விக்குறிகளாகவே போயின. நிலையத்தில் அந்தத் தற்காலிக ஆள் நன்றாகவே வேலை பார்த்தான். அவனைக் குறை சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை.

பதின்மூன்றாவது வாரம், ஒரு காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். இடது ஆள்காட்டி விரல் தாடையில் எதையோ முட்டியது. கண்ணாடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை, தோல் மழமழவென்று இருந்தது. மறுபடி விரலை வைத்தாள். இருந்தது. தோலுக்கு வெகு அடியில், கடுகளவு, கெட்டியாக. அழுத்தினால் நகர்ந்தது.

அம்மாவைக் கூப்பிட்டு, இங்கே ஏதாவது தெரிகிறதா என்று கேட்டாள். அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தாள், தெரியவில்லை. தடவிப் பார்த்தாள், அவளுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. வீணாகக் கற்பனை செய்துகொள்ளாதே என்று ஆறுதல் சொன்னாள்.  மகள் பேனாவை எடுத்து, தாடையில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டாள்.

அழியும்போதெல்லாம் வட்டத்தைத் திரும்பப் போட்டாள். மூன்றாம் நாள் காலை வட்டத்துக்குள், நட்ட நடுவில், சிவப்பாக ஒரு பரு எழுந்து நின்றது. பதினான்கு வருஷமாக ஒவ்வொரு பருவுக்கும் பெருமூச்சு விட்ட அம்மா அதைக் கிட்டே போய்ப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மகளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"நீ சொன்ன இடத்துலயேடி," என்றாள். "என் கண்ணுக்கு முன்னாடி உன் விரலுக்குத் தெரிஞ்சிருக்கு."

அன்று வியாழக்கிழமை. நிலையத்தில் கூட்டம் குறையும்வரை லேபிள் ஒட்டிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள் கொசு. டாக்டரம்மா நிமிர்ந்தார். தாடையில் இருந்த பருவையும், பக்கத்தில் கிளம்பிக்கொண்டிருந்த இன்னொன்றையும் பார்த்தார். முகம் எவ்வளவு நன்றாக ஆகியிருந்தது என்று வருத்தப்பட்டார்.

"முகத்தை விடுங்க மேடம். கையை நீட்டுங்க."

டாக்டரம்மா சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். கொசு பட்டையைக் கட்டிக் கண்ணை மூடினாள். டாக்டரம்மாவின் இடது கையில் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வலது கையில் உடனே கிடைத்தது. சுண்டு விரலும் கால் விரல்களும் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன, அவை திரும்புமா என்று டாக்டருக்கே தெரியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மா அவள் விரல் வைத்த இடத்தில் தானும் அழுத்திப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"திங்கட்கிழமை ஆறரைக்கு வந்துடு. முதல் ஒரு வாரம் நான் பக்கத்துல நிப்பேன்."

"நில்லுங்க மேடம்," என்றாள் கொசு. "ஆனா நான் நாளைக்கே வர்றேன்."